மனநல ஞாயிறுக்கு ஒரு சாட்சி

எங்கள் சபைக்கு மனநலத்தில் அக்கறை இல்லை என்று எவனாவது சொன்னால் அவனை நேராக என்னிடம் அனுப்புங்கள். மனநல ஊழியக் குழுவில் நானும் ஓர் உறுப்பினன். பாறசாலை ஊருக்கும் செங்கல் ஊருக்கும் இடையில் இவ்வளவு அக்கறையான சபை வேறு கிடையாது. அக்கறையை வைத்தே ஒரு மனிதனை அசையவிடாமல் செய்ய முடியும் என்று நாங்கள் செய்து காட்டியிருக்கிறோம். அந்த மனிதன் பெயர் கனகதாஸ்.

ஆனால் குழுதான் முதலில் வந்தது, கனகதாஸ் பிறகுதான் வந்தான். எல்லாச் சபைகளும் மனநல ஞாயிறு கொண்டாட வேண்டும், மனம் சோர்ந்தவர்களைத் தாங்க ஒரு குழு அமைக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. அன்று மதியமே அமைத்துவிட்டோம். தலைவர், போதகர் ஜெயன். இளவயதுக்காரர், இறையியல் கல்லூரியில் ஆற்றுப்படுத்தல் என்று ஒரு பாடம் படித்தவர். அதில் தேறியதாகவும் சொல்கிறார். செயலாளர், பொன்னையன். கூட்டுறவுச் சங்கச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கத்திலிருந்துதான் ஓய்வு, செயலாளராக இருப்பதிலிருந்து இல்லை. மாதர் சங்கத்துக்காக பிரேமகுமாரி அக்கா. கையெழுத்துப் போட ஓர் ஆள் குறைந்ததால் நான்.

குழுவுக்குத் தொடக்கப் பாட்டு இருந்தது, பேனர் இருந்தது, முடிவு ஜெபம் யார் என்பதும் தீர்மானமாகிவிட்டது. நோயாளி மட்டும் இல்லை. ஞாயிறு ஆராதனையில் பொன்னையன் எழுந்து அறிவித்தார்.

"பிரியமானவர்களே, நம்முடைய சபையில் மனநோயாளிகள் யாராவது இருந்தால் வெட்கப்படாமல் கையை உயர்த்தலாம். இதில் அவமானம் ஒன்றுமில்லை. நம்முடைய வீடுகளில் அப்படி யாரும் இல்லை என்றாலும், இருப்பவர்களை நாம் வெறுக்கக் கூடாது."

ஒரே ஒரு கை உயர்ந்தது. விஜயம்மாவின் கை. மின்விசிறியைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னார்.

அந்த நேரம் பார்த்து மைக் ஊளையிட்டது. எங்கள் ஆலயத்துக்கு மைக் செட் வைக்கிறவன் கனகதாஸ். கல்யாணம், மரித்த வீடு, கோயில் திருவிழா, எதுவானாலும் அவனுடைய கோளாம்பி ஒலிபெருக்கிதான் தென்னையில் ஏறும். தொழிலில் சுத்தமானவன், மைக் ஊளையிட அவன் விட்டதே இல்லை. அன்று ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எலே கனகதாசே, ஒனக்கு என்னலே ஆச்சு?" என்று பொன்னையன் மைக்கை விட்டுத் தள்ளிக் கேட்டார்.

"ஒறக்கம் இல்ல அண்ணா. கொறே நாளாச்சு. ஒண்ணுலயும் ஒரு பிடித்தம் இல்ல. பாட்டு கேட்டாக்கூட சத்தம் மாதிரிதான் கேக்குவு."

பொன்னையனும் போதகரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தச் சந்தோஷத்தை நான் இன்றும் மறக்கவில்லை.

அடுத்த ஞாயிறு பொன்னையன் ஒரு முக்கியமான அறிவிப்புச் செய்தார். அந்தக் கோளாம்பிகள் ஆலயத்துக்கு வெளியே, ஜங்ஷன் பார்த்துக் கட்டியிருந்தன. கட்டியவன் கனகதாஸ்தான்.

"நம்முடைய குழு இரகசியம் காக்கும். நோயாளியின் பெயரை வெளியே சொல்வது பாவம். ஆகவே கனகதாஸின் பெயரை யாரும் எங்கேயும் சொல்லக் கூடாது. கனகதாஸின் மனைவி விமலகுமாரியிடமும் யாரும் கனகதாஸின் நோயைப் பற்றித் துருவிக் கேட்கக் கூடாது. கேட்க வேண்டியதைக் குழு கேட்டுக்கொள்ளும்."

அந்த வாரமே ஜங்ஷனில் பிளெக்ஸ் வைத்தோம். 'மனநோயால் வாடும் சகோதரன் கனகதாஸுக்காக ஜெபியுங்கள்.' அதில் அவன் படம் ஓரமாக, சிறிதாக. மீதி இடத்தில் போதகர், பொன்னையன், பிரேமகுமாரி, கை கூப்பியபடி. கீழ்வரிசையில் என் படமும் உண்டு. எங்கள் பகுதியில் பிளெக்ஸ் என்றால் அப்படித்தான், செத்தவனுக்கு அஞ்சலி வைத்தாலும் வைத்தவன் படம்தான் பெரிது. அதற்குப் பிறகு கல்யாண வீட்டுக்காரர்கள் யாரும் கனகதாஸை மைக் செட்டுக்குக் கூப்பிடவில்லை.

குழுவின் முதல் கொள்கை, நோயாளியைத் தனியே விடக் கூடாது. காலையில் ஒரு பகுதிக்காரர்கள், மதியம் ஒரு பகுதிக்காரர்கள், விளக்கு வைத்ததும் வாலிபர்கள் என்று முறை வைத்து வீட்டுக்குப் போனார்கள். போகிறவர்கள் பாடினார்கள். உறக்கமில்லாத மனிதன் பகலில் ஒரு நிமிடம் கண் அசந்தால் தட்டி எழுப்பி, "ஒறக்கம் வருதா மக்கா?" என்று அன்பாகக் கேட்டார்கள். எல்லாருக்கும் விமலகுமாரி சாயா போட்டாள். போதகர் ஒருநாள் வந்து, சிறு வயதில் செய்த பாவங்களை நினைவுபடுத்திச் சொல்லச் சொன்னார். கனகதாஸ் யோசித்து யோசித்து, பக்கத்து வீட்டுக் கொய்யா மரத்தில் பேரைக்காய் பறித்ததைச் சொன்னான். வேறு ஏதாவது கனமாக இருக்கிறதா என்று போதகர் கேட்டார். இல்லை என்றதும் அவருக்கு முகம் வாடிவிட்டது.

பிரேமகுமாரி அக்காவுக்கு வேறொரு வழி இருந்தது.

"சிரி மக்கா. சிரிச்சா சாத்தான் ஓடுவான். எனக்கு மூட்டு மாத்தின நேரத்துலயும் நான் சிரிச்சோண்டே கெடந்தேன். சிரி பாப்போம்."

கனகதாஸ் சிரித்தான். பார்த்த எனக்கே அழுகை வந்தது.

ஒரு மத்தியானம், வந்தவர்கள் போய், வரவேண்டியவர்கள் வருவதற்கு முன் கிடைத்த சிறிது நேரத்தில், அவன் ஒயர்ச் சுருளை மடியில் வைத்துக்கொண்டு விமலகுமாரியிடம், "எனக்கு மதியாச்சு பிள்ளே. இனி வய்யா" என்றான்; போதும், இனி முடியாது என்று அர்த்தம். அவள் ஒயரைக் கையிலிருந்து வாங்கி அண்டை வீட்டில் கொடுத்துவிட்டு, அவனைச் சட்டை மாற்றச் சொல்லி, பேருந்தில் ஏற்றிக் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவள் மட்டும் அன்று பயப்படாமல் இருந்திருந்தால் இந்தக் கதையை நான் இந்தக் குரலில் சொல்ல முடியாது.

ஏன் அந்தப் பக்கம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். நெய்யாற்றின்கரையில் எந்த ஆஸ்பத்திரியில் சீட்டு எடுத்தாலும், நாம் வீடு வந்து சேர்வதற்குள் செய்தி அதியன்னூர் கடந்து பெருங்கடவிளைக்குப் போய்விடும். சீட்டு எழுதுகிறவள் மச்சினியாக இருப்பாள், ஊசி போடுகிறவன் தங்கை மாப்பிள்ளையாக இருப்பான். எல்லை தாண்டினால் அது தமிழ்நாடு, நம்மை யாருக்குத் தெரியும்? இந்த யோசனை தனக்கு மட்டுமே தோன்றியது என்று எங்கள் ஊரில் ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

மாத்திரை வேலை செய்தது. கனகதாஸ் உறங்கினான். சாப்பாட்டில் உப்புக் குறைந்தால் சொல்ல ஆரம்பித்தான். உடைந்து கிடந்த ஒரு கோளாம்பியை எடுத்துத் துடைத்தான். காலைப் பகுதிக்காரர்கள் பாடும்போது கூடவே தாளம் போட்டான் என்று தகவல் வந்ததும் குழு அவசரமாகக் கூடியது.

"நம்முடைய ஊழியத்தின் பலன்," என்றார் பொன்னையன். "மனநல ஞாயிறுக்கு மேலிடத்திலிருந்து விருந்தினர் வருகிறார். கனகதாஸ் சாட்சி சொல்லுவான். ஜெபத்தால் மாத்திரம் சுகம் கிடைத்தது என்று சொல்ல வேண்டும்."

அதில்தான் சிக்கல். பிரேமகுமாரி அக்கா ஒருநாள் கனகதாஸ் வீட்டு அடுக்களையில் உரிமையோடு சாயாத் தூள் டப்பாவைத் திறந்தபோது உள்ளே மாத்திரை இருந்தது. மாத்திரையோடு டாக்டர் சீட்டும் இருந்தது. சாயங்காலம் நாங்கள் எல்லாரும் போய் வாசலில் நின்றோம்.

"ஏன் மக்கா எங்களைச் சதிச்சே?" என்றார் பொன்னையன். "விசுவாசம் இருக்கிய இடத்துல மாத்திரை எதுக்கு? நான் பிரஷருக்குத் தின்னுவேன், சுகருக்குத் தின்னுவேன். அது சரீரமாக்கும். இது மனசு. மனசு சபைக்க பொறுப்பு."

விமலகுமாரி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"வேதத்துல அந்தத் தீர்க்கதரிசி சூரைச்செடிக்குக் கீழ கெடந்து, போதும் ஆண்டவரே, என்னை எடுத்துக்கிடும்னு கரஞ்சாருல்லா? அப்ப தூதன் வந்து என்ன செய்தான்? அடை சுட்டுக் குடுத்தான், குடிக்க வெள்ளம் குடுத்தான், ஒறங்க விட்டான். சாட்சி சொல்ல வாடேன்னு கூப்பிட்டானா?"

பிரேமகுமாரி அக்கா சிறிது யோசித்துவிட்டு, "அது அந்தக் காலம் பிள்ளே. அப்ப கமிட்டி ஒண்ணும் இல்லியே" என்றார்.

மாத்திரையையும் சீட்டையும் வாங்கி ஆலயப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினோம். சாட்சி முடிந்ததும் திருப்பித் தருவதாகப் பொன்னையன் வாக்குக் கொடுத்தார். சாட்சிச் சான்றிதழுக்கு வேண்டும் என்று ஆதார் அட்டையையும் வாங்கிக்கொண்டார். சாட்சி கெட்டுப்போகாமல் இருக்க, இனி கனகதாஸ் எங்கே போனாலும் சபையில் ஓர் ஆள் கூடப் போக வேண்டும் என்று தீர்மானமாயிற்று. அதை வழிமொழிந்தது நான்தான்.

மாத்திரை நின்றதும் அவனுக்கு உறக்கம் மறுபடியும் போனது. பழையபடி சுவரைப் பார்த்தான். பொன்னையன் அவன் தோளைத் தட்டி, "ஞாயிறு வரைக்கும் கொஞ்சம் சொகமா இருடே, அது கழிஞ்சு பாத்துக்கலாம்" என்றார்.

காவலுக்கு விஜயம்மா இருந்த ஒரு காலையில் விமலகுமாரி, செங்கல் கோயிலில் கோளாம்பி கட்டக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றாள். கோயில் வாசல் வரைக்கும் கூட வருவது விஜயம்மாவுக்கு விசுவாசப்படி முடியாது. கனகதாஸும் விமலகுமாரியும் ஒரு கோளாம்பியைத் தூக்கிக்கொண்டு இறங்கி, வளைவு திரும்பியதும் அதை ஒரு கடையில் வைத்துவிட்டு எதிர்ப்பக்கப் பேருந்தில் ஏறினார்கள்.

இனி நடந்ததை நான் நேரில் பார்த்தேன். எனக்கு முழங்காலில் முட்டு வலி. அதற்காகத்தான் அந்த டாக்டரிடம் போயிருந்தேன். மனநல டாக்டர் முட்டு வலி பார்ப்பாரா என்று கேட்காதீர்கள், எல்லா வலியும் நரம்புதானே.

காத்திருக்கும் கூடத்தில் நான் மூலையில் இருந்தேன். எதிர் வரிசையில் ஒருவர் தலையில் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்தார். வண்டி ஓட்டி வந்தவர் இல்லை. அவர் முன்வாசலில் ஏறிய பேருந்தில் பின்வாசலில் ஏறியவன் நான். பொன்னையனுக்கு அந்த ஹெல்மெட் கொஞ்சம் பெரிது. அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி, பந்தாட்டக்காரர் பனியனும் தொப்பியும் போட்டு, போதகர் ஜெயன். ஜன்னலோரம் முந்தானையால் தலையை மூடி, கண் ஆபரேஷன் செய்தவர்கள் போடும் கறுப்புக் கண்ணாடியோடு பிரேமகுமாரி அக்கா. யாரும் யாரையும் பார்க்கவில்லை. அங்கே நிலவிய ஒழுங்கை நான் எங்கள் குழுக் கூட்டத்தில் ஒருநாளும் கண்டதில்லை.

கனகதாஸும் விமலகுமாரியும் உள்ளே வந்து நடுவில் உட்கார்ந்தார்கள். அவனுக்கு யாரையும் கவனிக்கிற நிலைமை இல்லை.

நர்ஸ் வெளியே வந்து, "கனகதாஸ், பாறசாலை!" என்று கூப்பிட்டாள்.

கனகதாஸ் எழுந்தான். ஹெல்மெட் எழுந்தது. தொப்பி எழுந்தது. நானும் எழுந்துவிட்டேன்.

இதில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. இப்படிப்பட்ட இடத்தில் யாரும் சொந்தப் பெயரைக் கொடுக்க மாட்டார்கள். புதிதாக ஒரு பெயர் சொன்னால் மறந்துபோகும். மனநோய் என்றதும் எங்கள் சபையில் யாருக்கும் வாயில் முதலில் வருகிற பெயர் அதுதான். அந்தப் பெயரை ஏற்கெனவே ஊரறியக் கெடுத்தாயிற்று, இன்னும் கொஞ்சம் கெட்டால் என்ன? பிரேமகுமாரி அக்கா அங்கே விமலகுமாரி என்று அறியப்பட்டார்.

"எத்தன கனகதாசுப்பா?" என்றாள் நர்ஸ். "இப்பத்தான் விளங்குது. கனகதாசுக்குப் போன வாரமும் மாத்திர குடுத்தாச்சு, அதுக்கு முந்தின வாரமும் குடுத்தாச்சு. இது சும்மா அள்ளிக் குடுக்கிய மாத்திர இல்ல. இனி ஒரு கனகதாசுக்கும் கெடையாது."

நாங்கள் மூன்று பேரும் அப்படியே உட்கார்ந்துவிட்டோம். கனகதாஸ் மட்டும் நின்றான்.

"நான் வாங்கல்ல சிஸ்டரே. எனக்க மாத்திரையப் பிடுங்கிட்டாங்க. ஒறங்கி நாளாச்சு. என்னால முடியல்ல."

"சீட்டு எங்க?"

"ஆலயத்துப் பெட்டகத்துல."

"ஆதாரு?"

"அதும் பெட்டகத்துல."

நர்ஸுக்கு அவன் முகத்தைப் பார்த்ததும் இரக்கம் வந்திருக்க வேண்டும். "சரி, நிங்கதான் நெசமான கனகதாசுன்னு தெரிஞ்சவுங்க ஆராவது இங்க உண்டா? பாறசாலைக்காரங்க இவ்வளவு பேரு இருக்கியளே. ஒரு சாட்சி சொன்னா போரும், டாக்டருட்ட நான் சொல்லி வாங்கித் தாறேன். ஹெல்மெட் அண்ணாச்சி, ஒங்களுக்குத் தெரியுமா இவரை?"

அவனுக்கு ஞானஸ்நானம் நடந்தபோது முன்வரிசையில் நின்றவர் பொன்னையன். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து, "எனக்கு இந்த ஆளைத் தெரியாது" என்று குரல் வந்தது.

"அக்கா, ஒங்களுக்கு?"

"நான் இவரைக் கண்டதே இல்ல மக்கா. எனக்குக் கண்ணே தெரியாது."

போதகர், கேட்காமலே, "நான் அந்த ஊரே இல்லை" என்றார்.

மூன்று மறுதலிப்பும் முடிந்ததும் பக்கத்துக் கோழிக்கடையில் ஒரு சேவல் கூவியது. அதற்கு அந்த நேரத்தில் கூவ ஒரு காரணமும் இல்லை. நான் குனிந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தேன்.

கனகதாஸ் அப்போதுதான் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் கண் நிறைந்துவிட்டது. "வா விமலா, போவோம். எனக்கு இங்க ஆரும் இல்ல" என்றான்.

"நிங்க இரியுங்க," என்றாள் விமலகுமாரி. போனை எடுத்துத் தேடி நர்ஸ் முன்னால் நீட்டினாள். "இதப் பாரும் சிஸ்டரே. இந்த ஓரத்துல இருக்கியது ஆரு? பேரும் எழுதியிருக்குல்லா? சீக்கும் எழுதியிருக்கு. இதவிட என்ன சாட்சி வேணும்?"

ஜங்ஷனில் நாங்கள் வைத்த பிளெக்ஸ். நர்ஸ் விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். "ஆமா, இவருதான். பாவம், இப்படியா ரோட்டுல வச்சு..." என்றவள், படத்தின் பெரிய முகங்களுக்கு வந்து நிறுத்தினாள். நிமிர்ந்து கூடத்தைப் பார்த்தாள். மறுபடியும் படத்தைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, அந்த ஹெல்மெட்டைக் கொஞ்சம் எடுங்க."

பொன்னையன் எடுத்தார். கூடத்தில் வேறு ஊர்க்காரர்களும் இருந்தார்கள். அவர்களும் படத்தை வாங்கிப் பார்த்தார்கள். கை கூப்பிச் சிரிக்கும் போதகரையும் பனியன் போட்ட போதகரையும் ஒப்பிட்டு ஒருவர் தலையசைத்தார். போன் என் பக்கம் வருவதற்குள் நான் கழிப்பறைக்குப் போய்விட்டேன்.

கனகதாஸுக்கு மாத்திரை கிடைத்தது.

மனநல ஞாயிறு சொன்னபடி நடந்தது. நிறுத்துவதற்குக் காரணம் சொல்ல எங்களால் முடியவில்லை. விருந்தினர் முன்வரிசையில் இருந்தார். கனகதாஸ் தன் மைக்கைத் தானே சரி பார்த்துவிட்டு அதன் முன்னால் நின்றபோது, குழு முழுவதும் தலை குனிந்து உண்மையாகவே ஜெபித்தது.

"நான் ஒறங்குதேன். மாத்திர தின்னுதேன். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். இனி ஆரும் வீட்டுக்கு வரண்டாம்" என்றான். எங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

போதகர் பாய்ந்து மைக்கைப் பிடித்தார். "சகோதரன் மாத்திரை என்று சொன்னது ஜெபத்தை. காலையிலும் மாலையிலும் தவறாமல் எடுக்க வேண்டிய மாத்திரை!" சபை ஆமென் சொன்னது. விருந்தினருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. எங்கள் குழுவை மாதிரிக் குழுவாக அறிவித்தார். ஜங்ஷனில் புதிய பிளெக்ஸ் ஏறியது: 'சுகம் பெற்ற கனகதாஸ்.' படம் இப்போதும் ஓரமாகத்தான். அதன் கீழே எப்போதும் யாராவது நின்று, அவன் உண்மையிலேயே சுகமாகத்தான் இருக்கிறானா என்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த மாதம் எனக்கு மறுபடியும் முட்டு வலி வந்தது. கூடத்தில் பொன்னையனைக் காணோம், போதகரையும் காணோம். முன்வரிசையில் கனகதாஸும் விமலகுமாரியும் வெளிப்படையாக உட்கார்ந்திருந்தார்கள். அவன் நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தான். நான் உட்காரவில்லை. பேருந்தில் வரும்போதே ஒரு முடிவு செய்திருந்தேன். நேராக நர்ஸிடம் போய், குரல் உடைந்தாலும் பரவாயில்லை என்று, என் சொந்தப் பெயரைச் சொன்னேன்.

"லாசர். பாறசாலை."

"லாசரா? லாசர் இப்பத்தானே உள்ள போனாரு."

கதவு திறந்தது. ஹெல்மெட்டோடு லாசர் வெளியே வந்தார். என்னைப் பார்த்தார். யாரென்றே தெரியாதவர்போலப் படியிறங்கிப் போனார்.

நர்ஸ் பேனாவை மேசையில் வைத்துவிட்டாள். "எப்பா, ஒங்க ஊருக்காரங்கள வச்சு என்னால ஏலாது. நிங்கதான் நெசமான லாசருன்னு சொல்ல இங்க ஆளு உண்டா?"

நான் திரும்பிப் பார்க்கவில்லை. கேட்க எனக்கு உரிமை கிடையாது. பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"உண்டு சிஸ்டரே," என்றான் கனகதாஸ். "எனக்குத் தெரியும். லாசர் அண்ணன். எங்க சபைக்காரராக்கும்."

"என்ன வியாதி?"

"முட்டு..." என்று நான் தொடங்கினேன்.

"முட்டுக்கு ஒண்ணும் இல்ல," என்றான் அவன், மெதுவாக, மற்றவர்களுக்குக் கேட்காதபடி. "அவருக்கும் ஒறக்கம் இல்ல."

நான் மறுதலிக்கவில்லை.